கொக்கிப்புழு இல்லாத மாவட்டம்

எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டாவது வாசிப்பாளர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அவருடைய கையொப்பம் மட்டும் இருந்தது. அந்தக் கையொப்பம் என்னுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்றவர்கள் எழுதும் பணி அனுபவங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தவறு செய்தவர் வேறு யாரோ; எழுதுகிறவர் கடைசி நேரத்தில் வந்து காப்பாற்றியவர். நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார இப்போது வரும் உங்களுக்கு அப்படிப்பட்ட கதைகள் வேண்டிய அளவு கிடைக்கும். இது அந்த வகை இல்லை.

பாரிஸின் வடக்கில், லா சப்பலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் 2009 பெப்ரவரியில் சேர்ந்தேன். பெயரை எழுதவில்லை. எழுதினால் வலிக்கவேண்டியவர்களுக்கு வலிக்கப் போவதில்லை. கிழக்கு ஆபிரிக்காவின் பெரிய ஏரி ஒன்றின் கரையிலுள்ள பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றில் என்னென்ன புழுக்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம். அங்கே பிள்ளைகளின் மலத்தில் சிறிதளவை எடுத்து, கண்ணாடியில் அப்பி, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி, ஸ்லைட் செய்வார்கள். அங்கேயே ஒருமுறை பார்த்து முட்டைகளை எண்ணுவார்கள். பிறகு அதே ஸ்லைட்டுகள் பெட்டி பெட்டியாகப் பாரிஸுக்கு வரும். நாங்கள் மறுபடி எண்ணுவோம். அவர்கள் எண்ணியதைச் சரிபார்க்கிறோமாம்.

திட்டத்தின் தலைவரான பேராசிரியரைப் பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் ஷெஃப் என்றே அழைத்தோம். அந்த ஏரிக்கரையில் அவர் மொத்தம் இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு வாய் திறந்தால் "என் ஏரி". அவருடைய அறைச் சுவரில் ஏரியின் படம் ஒன்று தொங்கியது. நுணுக்குக்காட்டி அந்த அறையில் இருக்கவில்லை.

முதல் வாசிப்பாளர் குகன். என்னைவிடப் பதினொரு வயது இளையவன், யாழ்ப்பாணத்தான், ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலில் வந்துபோகிறவன். கெட்டிக்காரன், வேகமானவன். அவன் எண்ணி முடித்ததைக் கணினியில் பதிந்து வைத்திருப்பான். நான் அதே ஸ்லைட்டைத் தனியாக, அவனுடைய எண்ணைப் பார்க்காமல், மீண்டும் எண்ணவேண்டும் என்பது விதி. நடைமுறை வேறு. அவனுடைய எண் என் திரையில் ஏற்கெனவே தெரியும். முதல் வருஷம் உண்மையாகவே எண்ணினேன். இரண்டாவது வருஷம் ஐந்துக்கு ஒன்று. மூன்றாவது வருஷம் 'உடன்படுகிறேன்' என்ற கட்டத்தை அழுத்துவதே என் தொழிலாகிவிட்டது. குகன் பிழை விடுவதில்லை என்பது என் சமாதானம். எத்தனை மருத்துவ வரலாற்று நூல்களை வாசித்திருக்கிறேன்! பழைய காலனித்துவ வைத்தியர்களின் சோம்பலைப் பற்றிப் பக்க ஓரங்களில் எவ்வளவு ஏளனமாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன்! அந்தக் கைதான் கட்டத்தை அழுத்தியது.

இனி ஒரேயொரு தொழில் விஷயத்தை மட்டும் சொல்லவேண்டும். கொக்கிப்புழுவின் முட்டைக்கு ஓடு மெல்லியது. கிளிசரின் பட்டு ஒரு மணி நேரத்துக்குள் அது கண்ணாடிபோல் தெளிந்து மறைந்துவிடும். மற்றப் புழுக்களின் முட்டைகள் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே பாரிஸுக்கு வந்துசேர்ந்த ஸ்லைட்டில் கொக்கிப்புழு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இது பெரிய இரகசியம் இல்லை. முதலாம் ஆண்டுப் பாடம். குகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஷெஃபுக்கும் தெரியும்.

ஆனால் கணினிப் படிவத்தில் கொக்கிப்புழுவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. 'பார்க்க முடியாது' என்று எழுத இடமில்லை. எண் மட்டுமே ஏற்கும். குகன் பூச்சியம் போட்டான். நான் உடன்பட்டேன். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன, அவர்கள் இந்த நிரலைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்று இருவரும் நினைத்தோம். மேலே இருந்தவர்கள், கீழே இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன என்று நினைத்தார்கள்.

2012 மார்ச்சில் அங்கே செய்த ஸ்லைட்டுகளை ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன்வரை பார்த்தோம். ஜூலையில் புள்ளிவிவரம் பார்க்கும் இளம்பெண் அட்டவணையை எடுத்துக் கொடுத்தார். அங்கே எண்ணியவர் பள்ளிக்குப் பள்ளி கொக்கிப்புழு கண்டிருக்கிறார். பாரிஸில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒன்றுகூடக் காணவில்லை. ஷெஃபுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. ஏரிக்கரையில் எண்ணியவருக்கு எண்ணத் தெரியாது, அவ்வளவுதான். ஆகஸ்டில் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் போனது. உங்கள் மாவட்டத்தில் கொக்கிப்புழு இல்லை. ஏரித் தண்ணீரிலிருந்து தொற்றும் புழுவுக்கான மாத்திரை மட்டும் போதும். செப்டெம்பர் தவணையிலிருந்து பள்ளிகளில் கொக்கிப்புழு மாத்திரை நின்றது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை ஷெஃப் என் மேசைக்கு வந்தார்.

"உங்களிடம் ஒருவர் ஸ்தாஜுக்கு, பயிற்சிக்கு, வருகிறார். நான்கு வாரம். கொக்கிப்புழு முட்டையை அடையாளம் காணப் பழக்குங்கள். பாவம், அவர் இல்லாததை எல்லாம் பார்க்கிறார்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். அன்று மாலை வீட்டில் படங்களை ஒழுங்குபடுத்திப் பாடக் குறிப்பு எழுதினேன்.

வந்தவரின் பெயர் அகின்யி. முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த மாவட்டத்தின் ஒரே வாசிப்பாளர். என்னை 'ம்ஸே' என்று கூப்பிட்டார். அவர்கள் பக்கத்தில் மூத்த ஆண்களுக்கான மரியாதைச் சொல். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவர் ஊரில் செய்த ஸ்லைட் ஒன்றையே எடுத்து முன்னால் வைத்தேன். மூன்று நிமிஷம் பார்த்தார். தலையை நிமிர்த்தினார்.

"இதை என்னத்துக்கு எனக்குத் தாறியள்? இதில கொக்கிப்புழு பாக்க ஏலாது."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். இதில கொக்கிப்புழு இல்லை."

"இல்லை எண்டு நான் சொல்லேல்லை, ம்ஸே. பாக்க ஏலாது எண்டு சொன்னனான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாக, "கிளிசரின் என்ன செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும்."

"அப்ப எனக்கு எண்ணத் தெரியாது எண்டு எழுதினது ஆர்?"

படிவத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொக்கிப்புழு நிரல் முழுவதும் பூச்சியம். அதற்குப் பக்கத்தில் இரண்டு பேருடைய முதலெழுத்துகள். ஒன்றை விரலால் தொட்டு, "இது ஆர்?" என்றார். "குகன்" என்றேன். "இது?" "நான்."

"ரெண்டு பேர்," என்றார். "நான் தனி ஆள். பள்ளிக்கூட விறாந்தையில மேசை போட்டு, கழுத்தில குசினியில சமையலுக்கு வைக்கிற மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு இருப்பன். ஒரு மணித்தியாலம் முடிஞ்சு மணி அடிச்சால், அதுக்குப் பிறகு அந்த ஸ்லைட்டை எண்ணமாட்டன். சிவப்புக் கோடு போட்டுப் புதுசா ஒண்டு செய்வன். பிள்ளையள் என்னை மணிக்கார மிஸ் எண்டு பகிடி பண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைத்தான் பொய் எண்டு சொல்லி என்னை இஞ்சை அனுப்பியிருக்கினம்."

அதன் பிறகுதான் ஆகஸ்ட் கடிதத்தைப் பற்றியும் நின்றுபோன மாத்திரையைப் பற்றியும் சொன்னார். கொக்கிப்புழு குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிப்பது. பிள்ளைகளுக்குச் சோகை வரும்; வகுப்பில் தூங்கி விழுவார்கள். இதையும் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வருஷத்துக்கு மூன்று தவணை. ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஜனவரித் தவணைக்கான மருந்துப் பட்டியலை மாவட்டம் நவம்பர் முடிவில் மூடிவிடும். அதற்குள் பாரிஸிலிருந்து திருத்தம் வராவிட்டால் ஜனவரியும் இல்லை. அவர் ஸ்தாஜுக்குச் சம்மதித்ததே அதற்காகத்தான். படிக்க வரவில்லை, கடிதம் எழுதியவனைப் பார்க்க வந்தார்.

மத்தியானம் மூவரும் ஃபோபூர் சென்-தெனி வீதியில் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனோம். குகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் ரோல்ஸைக் கடித்தபடியே கேட்டான்.

"அண்ணை, பெட்டியை வெறுமையா விட்டால் கொம்பியூட்டர் அசையாது. நான் என்ன செய்யிறது? அதோட இருந்து அழுறதோ?"

"ஷெஃபிட்டைச் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே. நீங்கள்தானே ரெண்டாவது ஆள். எத்தினை ஸ்லைட்டை உண்மையாப் பாத்தனீங்கள்? உங்கட டயரிக் கொப்பியில மழை பெய்த நாள், மெத்ரோ நிண்ட நாள் எல்லாம் கிடக்கு. ஸ்லைட் பாத்த நாள் கிடக்கோ?"

அகின்யிக்கு மொழி புரியவில்லை, தொனி புரிந்தது. "என்ன சொல்லுறார்?" என்றார்.

"நான் வேலை செய்யேல்லை எண்டு சொல்லுறான்."

"உண்மையோ?"

குகன் சிரித்தான். நான் பிளேன் ரீயைக் குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் வீட்டில் என் நாட்குறிப்பையும் படிவங்களின் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1987 முதல் ஒரு நாளும் விடாமல் எழுதிவருகிறேன். அதில் ஒரு கர்வமும் உண்டு. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை: 'RER D ரயில் ஓடவில்லை. கார்ஜ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்று வீடு திரும்பினேன்.' அதே வியாழனில் பார்த்ததாக ஒரு பெட்டி முழுவதற்கும் என் ஒப்புதல். மறுநாள் வந்து, ஒரே மூச்சில் அழுத்தியிருக்கிறேன். ஜூனில் காய்ச்சலில் படுத்த மூன்று நாட்களும் அப்படியே. தேதிகளில் இவ்வளவு கவனமான ஒருவன் தன் பொய்க்கும் சரியான தேதி வைத்திருந்தான்.

அடுத்த நாள் ஷெஃபின் அறைக்குப் போய் கிளிசரினை மட்டும் நினைவூட்டினேன். கையொப்பத்தைப் பற்றிப் பேசத் துணிவு வரவில்லை. அவர் எரிச்சலடையவில்லை, அன்பாகவே பேசினார். "உங்கள் கோந்த்ரா, வேலை ஒப்பந்தம், ஜனவரியில் புதுப்பிக்க வருகிறது, இல்லையா? நிரந்தரமாக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். இந்த நேரத்தில் குழப்பம் வேண்டாம். இரண்டு வாசிப்பாளர்கள் தனித்தனியாகப் பார்த்தது பெரிய பலம். கூட்டத்தில் பேசுவோம்." கூட்டம் மூன்று வாரம் தள்ளி இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் அகின்யிக்குக் கொக்கிப்புழு முட்டையின் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, "வடிவா இருக்கு" என்பார்.

அந்த மூன்று வாரத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். ஒரே நாளில் சொல்லக்கூடிய ஒரு வசனத்துக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. எச்சரிக்கை, பொறுமை, சரியான தருணம் என்று அதற்கு நல்ல பெயர்கள் வைத்திருந்தேன். பயம் என்பதுதான் பெயர். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இந்த வேலை போனால் திரும்ப உணவகத்தில் கோப்பை கழுவவேண்டும். காரணம் உண்மையானதுதான். ஆனால் அந்தக் காரணத்தைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் ஒரு வகுப்பறையில் வைத்துப் பாருங்கள்.

நவம்பர் முதல் வாரம், புதன்கிழமை, கூட்டம். ஷெஃப், புள்ளிவிவரப் பெண், நான், குகன். மேசையின் கோடியில் அகின்யி.

"ஸ்தாஜ் நன்றாக முடிந்ததா? இப்போது சரியாக அடையாளம் காண்கிறாரா?" என்றார் ஷெஃப். பக்கத்தில் இருந்தவரைப் பற்றி என்னிடம் கேட்டார்.

"அவருக்கு முன்னாலேயே தெரியும். எங்கள் பூச்சியங்கள்தான் பிழை. அந்த ஸ்லைட்டுகளில் கொக்கிப்புழுவைப் பார்க்க முடியாது."

"முட்டை கிளிசரினில் மறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்," என்றார் ஷெஃப், நான் ஏதோ மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டதுபோல.

"எனக்குத் தெரியாது," என்றார் புள்ளிவிவரப் பெண். "எனக்கு எண்கள்தான் வந்தன. பூச்சியம் என்றால் இல்லை என்று எடுத்தேன். ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?"

அந்த அறையில் குற்றமற்றவர் அவர் ஒருவர்தான், அவரே வெட்கப்பட்டார். ஷெஃப் வெட்கப்படவில்லை. "இரண்டு தனி வாசிப்புகள்..." என்று தொடங்கினார்.

"இரண்டு இல்லை," என்றேன். "ஒன்று. நான் பாதிக்கு மேல் பார்க்கவே இல்லை. பார்க்காமல் ஒப்பமிட்டேன். எந்தெந்த நாள் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்."

தாளை மேசையில் வைத்தேன். குகன் என்னைப் பார்க்காமல் தமிழில், "அண்ணை, விசரே உங்களுக்கு?" என்றான். தாளை யாரும் எடுக்கவில்லை. ஷெஃப், வெளியிட இருக்கும் கட்டுரையில் அந்த நிரலை நீக்கி ஓர் அடிக்குறிப்புப் போடலாம் என்றார். 'தொழில்நுட்பக் காரணங்களால்.'

"அடிக்குறிப்பு எங்கட பள்ளிக்கூடத்துக்கு வராது," என்றார் அகின்யி. "மாவட்டத்துக்குக் கடிதம் வேணும். இந்த மாசத்துக்குள்ள."

ஷெஃப் கடிதம் தருவதாக ஒப்புக்கொண்டார். படிவத்தையும் திருத்தவேண்டும் என்றேன். அது மென்பொருள்காரர்களின் வேலை, அடுத்த வருஷம்தான் முடியும் என்றார்.

இந்த இடத்தில் குகனைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வாரம் முழுவதும் அவன் என்னோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை புதிய பெட்டி ஒன்று திறந்தான். பதினைந்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, நிக்குது."

கொக்கிப்புழுக் கட்டம் வெறுமையாக இருந்தது. திரை அசையவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தான்.

"நிக்கட்டும்," என்றேன்.

"ஓம். நான் ரீ குடிக்கப் போறன்."

இரண்டு நாள் ஒரு ஸ்லைட்டும் பதியப்படவில்லை. புதன்கிழமை மத்தியானம் மென்பொருள்காரர் வந்து, நின்ற நிலையிலேயே, 'வாசிக்க இயலாது' என்ற கட்டத்தைச் சேர்த்துவிட்டுப் போனார். அடுத்த வருஷத்து வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அதே மாலை ஷெஃபின் கடிதம் தயாராகி வந்தது. அவர் மறுநாள் காலை ஒரு மாநாட்டுக்குப் பறக்கிறார். பதினெட்டு நாள் கழித்துத்தான் திரும்புவார். ஸ்தாஜ் முடிந்தும் கடிதத்துக்காகவே தங்கியிருந்த அகின்யி வெள்ளிக்கிழமை விமானம் ஏறவேண்டும்; அன்று விடைபெற ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தார். கடிதத்தை நான் வாசித்தேன். கொக்கிப்புழு பற்றிய முந்தைய முடிவை மாற்றிக்கொள்கிறோம், மாத்திரையைத் தொடரவும் என்று இருந்தது. சரி. அதற்கு மேலே ஒரு வசனம்: 'உங்கள் வாசிப்பாளர் பாரிஸில் எங்கள் மேற்பார்வையில் மறுபயிற்சி பெற்றுள்ளதால், அவரது எண்ணிக்கைகளை இனி ஏற்றுக்கொள்ளலாம்.'

"இதை இப்பவே மாத்தச் சொல்லுறன்," என்று எழுந்தேன்.

அகின்யி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு முறை வாசித்தார்.

"இதை மாத்தச் சொன்னால் என்ன நடக்கும்?"

"கோபப்படுவார். ஆனால் மாத்தித்தான் ஆகவேணும்."

"கோபப்பட்டு, யோசிப்பம் எண்டு சொல்லி, ப்ளேனில ஏறுவார். பதினெட்டு நாள். பட்டியல் மூடிப்போடும்."

"இது பொய், அகின்யி. உங்களைப் பற்றின பொய்."

"ம்ஸே," என்றார், "உங்களுக்கு உண்மை சொல்லுறது புதுப் பழக்கம். அதுதான் இவ்வளவு அவசரம். விடுங்கோ. எனக்கு மாத்திரை வேணும். என்ர மானத்தை நான் ஊரில போய்ப் பாத்துக்கொள்ளுறன்."

கடிதத்தின் கீழே, 'பயிற்றுவித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். அங்கே என் ஒப்பம் தேவை. பேனையை அகின்யியே எடுத்துத் தந்தார். போட்டேன். இம்முறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

கோந்த்ரா புதுப்பிக்கப்பட்டது; பேசாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும். நான் 2021 வரை அங்கே வேலை செய்தேன். ஷெஃபுக்கு ஏரி ஆய்வுக்காக ஒரு பதக்கமும் கிடைத்தது. ஜனவரியில் அகின்யியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மாத்திரை வந்துவிட்டதாம். எத்தனை பள்ளிகளுக்குச் செப்டெம்பர் தவணை தவறியது என்று கேட்டு எழுதினேன். 'எண்ணிக்கை உங்களுக்கு எதற்கு?' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

உங்களில் யாராவது என்றாவது அந்த மாவட்ட அலுவலகத்தின் கோப்புகளைப் பார்க்க நேர்ந்தால், அந்தக் கடிதம் அங்கே இருக்கும். கொக்கிப்புழு முட்டையை எண்ணுவதற்கு அகின்யிக்கு நான் கற்றுக்கொடுத்தேன் என்று அதில் எழுதியிருக்கும். நம்பாதீர்கள்.